மாப்பிள்ளைக்காகக் கேட்டு வாங்கிய குறை

சோளக்காடு, கொல்லிமலை
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, காலை பஸ் போன பிறகு

சேந்தமங்கலத்தில் உரக்கடை நடத்திவரும் பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஜீவானந்தம் அவர்களின் சமூகத்துக்கு, சோளக்காடு பஸ் நிற்கும் இடத்தில் டிபன் ஓட்டல் வைத்திருக்கும் ராசாமணி இரு கைகளையும் கூப்பி எழுதிக்கொண்டது. தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் கடையும் கடையில் அடுக்கிய மூட்டைகளும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்க எங்கள் மலைக்கோயில் அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். ஓசூரில் பாங்கு வேலையில் இருக்கும் நம் வித்யாஸ்ரீ சுகம் என்று போனில் சொன்னாள். தங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான சுரேந்தர் மிக மிகச் சுகம். என் மனைவி கண்ணாத்தாளும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். முள்ளுக்குறிச்சியில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதால் நேரில் பார்த்து எழுத முடியவில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று தாங்கள் யோசிக்கலாம். போனை எடுத்தால் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், நம் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான குரூப்புக்கு அவர்தான் அட்மின். ஆகவே கடையின் பின்பக்கம் விறகு அடுக்கிய இடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியான பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால் தங்கள் கடையில் சேர்த்துவிடுவார்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் மகன் மேல் எனக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது. மாப்பிள்ளையைக் குறை சொல்லும் நாக்கு எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் முளைத்ததில்லை. நான் தங்களிடம் கேட்பது ஒரே ஒரு உதவி. ஏதாவது சாக்குச் சொல்லி அவரைச் சேந்தமங்கலத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவர் மலையை விட்டு இறங்கினால்தான் கண்ணாத்தாள் மலை ஏறுவாள். ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா வருகிறது, மலை முழுக்க ஜனம் நிறையும், என் ஓட்டலில் அடுப்புப் பற்றவைக்க ஆள் இல்லை.

ஆடிக்கு மாப்பிள்ளையை அழைக்க வேண்டும் என்ற முறைக்கு அழைத்தவன் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. வித்யாவுக்கு பாங்கில் லீவு கிடைக்கவில்லை, பதினெட்டுக்கு வருகிறேன் என்றாள். மாப்பிள்ளைக்கோ, கார் பாகம் செய்யும் அவர் கம்பெனியில் புது மெஷின் இறக்குகிறார்கள், அதுவரை முழு லீவு. "அப்பா, அவரு முன்னாடியே வரட்டும். இங்க பிரிட்ஜுக்குள்ளெல்லாம் கோடு போட்டுட்டாரு" என்று மகள் சொன்னபோது எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. வழியில் தங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியவரை, விடிந்ததும் விடியாததுமாகத் தாங்களே பஸ் ஏற்றிவிட்டு, "மலைக்காத்து ஒடம்புக்கு நல்லது, நல்லா ஒரு மாசம் இருந்துட்டு வரட்டுங்க" என்று எனக்குப் போன் செய்தீர்கள். அதன் பொருளும் அப்போது விளங்கவில்லை. இப்போது இரண்டும் விளங்கிவிட்டன. இருந்தாலும் அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

மாப்பிள்ளை வந்த அன்று சாயங்காலம் ஒரு மூலையில் உட்கார்ந்து கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் அருவிக்குப் போவார், கோயிலுக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் டீ மாஸ்டர் அண்ணாமலையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் வந்து, "மாமா, உங்க ஓட்டல்ல நெறைய வேஸ்ட் இருக்குதுங்க" என்றார். நான் பதறிப்போய்க் குப்பைத் தொட்டியைக் காட்டி, காலையில்தான் கொட்டினோம் என்றேன். அது இல்லையாம். பாய்லருக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் நடுவே அண்ணாமலை நடக்கிற நடை வேஸ்ட்டாம். சட்னி வாளி சும்மா நிற்கிற நேரம் வேஸ்ட்டாம். "கணக்குப் பார்த்தா இவரு தினமும் கடைக்குள்ளயே சேந்தமங்கலம் வரைக்கும் நடக்கறாருங்க" என்றார். அண்ணாமலைக்கு ஒரே சந்தோஷம். "அதானுங்க முதலாளி, ராத்திரியில கெண்டைக்கால் இழுக்குது, நான் வயசாயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றான்.

"சின்னச் சின்னதா சில மாத்தம் பண்ணலாங்களா மாமா?" என்று கேட்டார். மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "ஆகட்டுங்க மாப்பிள்ளை, உங்க கடை மாதிரிங்க" என்றேன். இதுதான் நான் செய்த ஒரே காரியம். அவர் உடனே எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கே போனாலும் மேலிடத்துச் சம்மதம் வாங்குவதுதான் கஷ்டமாம், இங்கே ஒரே நாளில் கிடைத்துவிட்டதாம். என்னை மேலிடம் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை, எனக்கும் கொஞ்சம் குளிர்ந்துதான் போயிற்று.

மறுநாள் விடிகாலையில் வந்து பார்த்தால் தரையெல்லாம் மஞ்சள் கோடு. மேஜைக்கு ஒரு கட்டம், தண்ணீர்க் குடத்துக்கு ஒரு வட்டம், அண்ணாமலை நிற்க இரண்டு பாதம், நான் உட்கார ஒரு சதுரம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் மலையில் ஆடி மாதத்து ஈரத்தில் பெயின்ட் எங்கே காய்கிறது? முதல் பஸ் வந்து நின்றதும் ஜனம் திமுதிமுவென்று உள்ளே புகுந்து டீ குடித்துவிட்டுத் திமுதிமுவென்று ஏறிப் போனது. அன்று மத்தியானம் திரும்பி வந்த கண்டக்டர், பஸ்ஸின் படி, நடைபாதை, சீட்டு எல்லாம் மஞ்சள் கால்தடம் என்றும், கீழே டெப்போவில் ஏதோ மாரியம்மன் பண்டிகைக்கு வாடகைக்கு விட்டாயா என்று கேட்டார்கள் என்றும் என்னிடம் அழமாட்டாத குறையாகச் சொன்னார். நான் அவருக்கு எங்கள் மலைக்கிழங்கான முடவாட்டுக்காலில் சூப் வைத்துக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். மாப்பிள்ளை அவரிடம், ஜனம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பது இப்போது சுத்தமாகத் தெரிந்துவிட்டது, நல்ல தகவல், நன்றி என்றார்.

அதற்கு அடுத்தது இட்லி. பஸ் வருவதற்கு முன்பே இட்லி அவித்து அடுக்கி வைப்பது ஓட்டல்காரன் தர்மம், பஸ் நிற்பதே ஒரு டீ நேரம்தான். மாப்பிள்ளை அதைப் பார்த்து, "யாரு கேட்டாங்கன்னு இத்தன இட்லி அவிச்சு வெச்சிருக்கறீங்க? இது ஸ்டாக்குங்க மாமா, ஸ்டாக்குங்கறது தூங்குற காசு" என்றார். கேட்ட பிறகுதான் அவிக்க வேண்டுமாம், அவர் கம்பெனியில் அப்படித்தானாம், லாரி வாசலில் நின்ற பிறகுதான் சாமான் தயாராகுமாம். நான் "ஆகட்டுங்க" என்றேன். பஸ் வந்தது. ஜனம் இட்லி கேட்டது. அண்ணாமலை தட்டில் மாவு ஊற்றி வைத்தான். ஆவி வருவதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார், ஜனம் பாதி எழுந்து பாதி உட்கார்ந்து, கடைசியில் கை கழுவின ஈரத்தோடு வெறும் வயிற்றோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டது. இட்லி வெந்து இறங்கியபோது பஸ் வளைவுகளில் இறங்க ஆரம்பித்துவிட்டது. "ஆர்டர் கொடுத்தது அவங்க, அப்ப இட்லி அவங்களுது. டெலிவரி பண்ணியே ஆகணும்" என்றார் மாப்பிள்ளை. என் வண்டியில் அண்ணாமலை பின்னால் உட்கார்ந்து மடியில் இட்லிப் பாத்திரத்தையும் கழுத்தில் சாம்பார்த் தூக்கையும் வைத்துக்கொள்ள, மாப்பிள்ளை ஓட்டினார். ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை மறித்தே விட்டார்கள். ஏற்கெனவே தலை சுற்றி ஜன்னலில் சாய்ந்துகிடந்த ஜனத்துக்கு முன்னால் ஆவி பறக்கும் இட்லியை நீட்டினால் என்ன ஆகும் என்று சம்பந்திக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "ஏனுங்க, இது பஸ்ஸுங்களா, பந்தியுங்களா?" என்று கேட்டாராம் அதே கண்டக்டர். மறுநாள் முதல் அந்த பஸ் எங்கள் கடைக்கு முன்னால் நிற்காமல் கொஞ்சம் தள்ளி, வாழைத்தார் மண்டிக்கு முன்னால் நிற்கிறது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை என்று நான் பொறுத்துக்கொண்டேன். கண்ணாத்தாளும் பொறுத்துக்கொண்டாள். தங்களுக்கே தெரியும், அவள் பழைய காலத்து மனுஷி, மாப்பிள்ளைக்கு எதிரே நின்று நேருக்கு நேர் பேசமாட்டாள். கல்யாணத்திலிருந்து இன்றுவரை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை வித்யாவிடம் சொல்வாள், வித்யா இல்லாவிட்டால் என்னிடம், நான் இல்லாவிட்டால் அண்ணாமலையிடம், அவனும் இல்லாவிட்டால் பாய்லரிடம் சொல்வாள். மாப்பிள்ளை இதையும் கவனித்து, கடையில் யார் யாருக்குக் கீழே என்று எழுதி ஒட்டிய அட்டையில் சமையல் துறைக்கும் தர நிர்வாகத்துக்கும் நடுவே அண்ணாமலையைப் போட்டுவிட்டார். அண்ணாமலை அதை போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினான். சமையல் துறை என்றால் கண்ணாத்தாள் ஒருத்திதான். தர நிர்வாகம் என்றால் மாப்பிள்ளை ஒருத்தர்தான். இரண்டு பேரும் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு நடுவில் அவனைக் கூப்பிடுவார்கள்.

வினை வந்தது கருத்து அட்டையில். சாப்பிட்டு முடித்தவர்களிடம் ஒரு அட்டை கொடுத்து, என்ன குறை என்று எழுதச் சொன்னார் மாப்பிள்ளை. நம்ம பக்கத்து ஜனம் என்ன எழுதும்? எல்லா அட்டையிலும் "நல்லா இருக்குதுங்க", "நல்லா இருக்குதுங்க" என்றே வந்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் பிரிசில்லா டீச்சர் மட்டும் வேறு மாதிரி எழுதினார். அவர் திண்டுக்கல் பக்கத்துக்காரர், தினமும் காலையில் எங்கள் கடையில்தான் டிபன். அட்டையைச் சிவப்பு மையில் திருத்தி, "நன்று. கையெழுத்தில் கவனம் தேவை" என்று எழுதி, கீழே பெற்றோர் கையொப்பம் என்று ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார். அட்டையில் கேள்வியைக் கைப்பட எழுதியது நான். கையெழுத்துப் போட எனக்குப் பெற்றோர் இல்லை என்பதால் நானே போட்டுக்கொண்டேன்.

குறையே வராததைப் பார்த்து மாப்பிள்ளை சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ராத்திரி சாப்பாட்டில் இரண்டாம் தடவை சோறு வாங்கவில்லை. "குறையே வரலைன்னா எங்கியோ மறைக்கிறாங்கன்னு அர்த்தங்க மாமா. ஒரு நாளைக்கு மூணு குறையாவது வரணும். அதத்தான் டார்கெட்டா வெச்சிருக்கேன்" என்றார். மாப்பிள்ளை ஆடிக்கு வந்த இடத்தில் முகம் வாடியிருந்தால் நாளைக்கு யாருக்குப் பேச்சு? எங்களுக்குத்தானே? ஆகவே மறுநாள் நான் மேஜை மேஜையாகப் போய், "ஏதாச்சும் ஒரு குறை சொல்லுங்க, புண்ணியமாப் போகும்" என்று கேட்டேன். "அய்யய்யோ, தின்ன வாயால அப்புடிச் சொல்லலாமுங்களா" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மிளகு வாங்க வந்த ஒரு வியாபாரி, என்னமோ விவகாரம் என்று பயந்து பாதித் தோசையோடு எழுந்து போய்விட்டார். கடைசியில் பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாரி டிரைவர்தான் மனசு இரங்கினார். "ஏனுங்க, உங்க மாப்பிள்ளைக்காகத்தானுங்களே கேக்கறீங்க? எனக்கும் ஒரு மாப்பிள்ளை இருக்கறானுங்க, அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். எழுதிக்கோங்க, சாம்பார்ல உப்புத் தூக்கல்னு. நெசமாச் சொல்லோணும்னா நல்லாத்தான் இருந்துச்சுங்க, மூணு தடவ வாங்கி ஊத்திக்கிட்டேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். டீக்குக் காசு வாங்கவில்லை.

அட்டையைப் பார்த்த மாப்பிள்ளையின் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படி மலரவில்லை. உடனே ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிச் சமையல்கட்டுக் கதவில் ஒட்டிவிட்டார். குறை, சாம்பாரில் உப்பு. பொறுப்பு, சமையல் துறை. சரிசெய்ய எடுத்த நடவடிக்கை என்று போட்டு அதற்கு நேரே கோடு விட்டிருந்தார். கண்ணாத்தாள் கையில் கரண்டியோடு வந்து நின்று அதைப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு பாய்லர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாமலை, இது யாரு சொன்ன குறைன்னு கேளு."

மாப்பிள்ளை அங்கேயே நின்றுகொண்டு, "கஸ்டமர் பேர வெளிய சொல்லக் கூடாதுங்க அத்தை. சொன்னா அடுத்த தடவ யாரும் குறை சொல்லமாட்டாங்க" என்றார்.

"பேரச் சொல்லக் கூடாதாமுங்க அம்மா" என்றான் அண்ணாமலை.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. அந்த மகராசனுக்கு நாக்கு இருக்குதா, இல்ல சாமிக்கே காணிக்கையாக் குடுத்துட்டானான்னு கேளு."

அண்ணாமலை மாப்பிள்ளையைப் பார்த்தான், கண்ணாத்தாளைப் பார்த்தான், அட்டையில் தன் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தான். "இது ரெண்டு துறைக்கும் நடுவுல போற விஷயமாத் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டான். கண்ணாத்தாள் என் பக்கம் திரும்பினாள். நான் அந்த நேரம் பார்த்து என் மஞ்சள் சதுரத்தில் உட்கார்ந்திருந்தேன். "நீங்க சொல்லுங்க. நீங்களும் அதத்தான ஊத்தித் தின்னீங்க. உப்பாவா இருந்துச்சு?"

சம்பந்தி, தாங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கம் மாப்பிள்ளை, பேனாவோடு. அந்தப் பக்கம் மனைவி, கரண்டியோடு. உப்பு இல்லை என்றால் மாப்பிள்ளைக்குக் கிடைத்த ஒரே குறையையும் பிடுங்கிக்கொண்ட பாவம். உப்பு என்றால் அவள் சும்மா விடுவாளா? ஆகவே இரண்டு பேருக்கும் பொதுவாக, "உப்புன்னும் சொல்ல முடியாது, உப்பு இல்லீன்னும் சொல்ல முடியாது" என்றேன். கண்ணாத்தாள் கரண்டியை அதற்கென்று மாப்பிள்ளை சுவரில் கரண்டிப் படம் வரைந்து அடித்திருந்த ஆணியில் சரியாக மாட்டிவிட்டு உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருத்தம் இருந்திருக்காது.

மறுநாள் சமையல்கட்டிலிருந்து வந்த வாசனைக்கு ரோட்டில் போன ஜனமெல்லாம் நின்று பார்த்தது. கண்ணாத்தாள் மாப்பிள்ளைக்குத் தலைவாழை இலை போட்டு, நாட்டுக்கோழி, பச்சைப்புளி ரசம், பலாப்பழப் பாயசம், வடை, அப்பளம் என்று விருந்து வைத்தாள். மாப்பிள்ளைக்கு மட்டும். கடைக்கு என்று ஒரு பிடி அரிசிகூட அடுப்பில் ஏறவில்லை, டிபனுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் இலையை மடித்ததும், கதவில் ஒட்டிய தாளில் அந்தக் கோட்டின் மேல் "நான் போறேன்" என்று எழுதிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு முள்ளுக்குறிச்சிக்கு பஸ் ஏறிவிட்டாள். "அத்தை கட்டத்த பூர்த்தி பண்ணிட்டாங்க, குட்" என்றார் மாப்பிள்ளை.

சமையல்காரி போய்விட்டாளே என்று நான் தலையில் கை வைத்தால், ஆள் மாறினாலும் ருசி மாறக் கூடாது, அதற்குத்தான் சிஸ்டம் என்று சொல்லி ஒரு பெரிய அட்டையை எடுத்து வந்து மாட்டினார். வந்த நாளிலிருந்து கண்ணாத்தாள் சாம்பார் வைப்பதை ஒன்று விடாமல் பார்த்து வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். பருப்பைக் களையவும். மஞ்சள் போடவும். வெளியே வந்து பஸ் வருகிறதா என்று பார்க்கவும். புளி கரைக்கவும். முதலாளியைத் திட்டவும். தாளிக்கவும். நான் அந்தத் திட்டுகிற வரியைக் காட்டி, இது சமையலில் சேர்த்தியா மாப்பிள்ளை என்று கேட்டேன். அத்தை ஒரு நாள்கூட அதை விட்டதில்லை, எதனால் ருசி வருகிறதென்று தெரியாமல் எதையும் எடுக்கக் கூடாது என்றார். ஆகவே அண்ணாமலை புளியைக் கரைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி என் முன்னால் வந்து நின்றான். "மன்னிச்சுக்கோங்க முதலாளி, அட்டையில போட்டிருக்குதுங்க" என்று கும்பிட்டுவிட்டு, "ஏனுங்க, பொழுதன்னிக்கும் உக்காந்தே இருந்தா கடை வெளங்குமுங்களா?" என்று மெல்ல ஆரம்பித்தான். இரண்டாம் நாள் கும்பிடவில்லை. மூன்றாம் நாள், போன வருஷம் தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த வேட்டியின் தரம் வரைக்கும் போய்விட்டான். தாளிக்க வேண்டிய கடுகு கருகிப் புகைகிறது, அவன் நிறுத்துகிறபாடில்லை.

அந்தச் சாம்பாரைப் பற்றியும் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. "நல்லா இருக்குதுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாரும் மறுநாளிலிருந்து வாழைத்தார் மண்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் தள்ளுவண்டிக்குப் போகிறார்கள். பிரிசில்லா டீச்சர் மட்டும் ஒரு நாள் ரோட்டிலேயே நின்று, "கண்ணாத்தாள் அக்கா எப்ப வர்றாங்க? அதுவரைக்கும் நான் பன்னு வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது கடையில் மேஜைகள் அதனதன் கட்டத்துக்குள் அழகாக இருக்கின்றன, உட்காரத்தான் ஆள் இல்லை. வரிசை இல்லை, காத்திருக்கும் நேரம் இல்லை, ஸ்டாக் இல்லை, இத்தனை நாளில் இன்றைக்குத்தான் எல்லா நம்பரும் பச்சையில் இருக்கிறது என்கிறார் மாப்பிள்ளை. எனக்கோ ராத்திரியானால் கடையைப் பூட்டிவிட்டு யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை, சம்பந்தி. மானத்தை விட்டுச் சொல்கிறேன்.

தம்பி வீட்டுக்குப் போன் செய்தால் அவள் பேசுவதில்லை, தன் தம்பியிடம் சொல்லி, அவன் என்னிடம் சொல்கிறான். நானும் மாப்பிள்ளை வரிசையில் சேர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மாப்பிள்ளையிடம் அதை யார் சொல்வது? தாங்கள்தான் பெற்றவர், தங்களுக்குத்தான் உரிமை. உரக்கடையில் யூரியா மூட்டையும் பொட்டாஷ் மூட்டையும் கலந்து கிடக்கிறது, யாரும் அடுக்கத் தெரியாமல் தவிக்கிறோம் என்று போனில் ஒரு வார்த்தை விட்டாலே போதும், அடுத்த பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார். அவர் கீழே வந்த செய்தி கிடைத்ததும் நான் முள்ளுக்குறிச்சிக்குப் போய்க் கண்ணாத்தாள் காலில் விழுந்தாவது கூட்டி வந்துவிடுவேன். இந்த உதவியைத் தாங்கள் செய்தால் தங்கள் கடைக்கு வருஷம் முழுக்க மலைவாழைத் தார் இறக்குவது என் பொறுப்பு.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். கடைப் பையன்களுக்கு என் ஆசிகள். தங்கள் குடும்பம் ஆல் போல் தழைத்து, அறுகு போல் வேரோடி, மூட்டைகள் தானாக அடுக்கிக்கொண்டு பல்லாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் அன்புச் சம்பந்தி,
ராசாமணி

பின்குறிப்பு: இதை நான் சாயங்கால பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒவ்வொரு வளைவுக்கும் எழுத்து ஒவ்வொரு பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளவும். மேலே எழுதியது எதையும் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மத்தியான பஸ் வந்து நின்றதும் கண்டக்டரிடம் கொடுக்க இந்தக் கடிதத்தோடு ஓடினேன். அதிலிருந்து கண்ணாத்தாள் இறங்கினாள். அந்தப் பலாப்பழ லாரி டிரைவர் முள்ளுக்குறிச்சியில் டீ குடிக்கும்போது, சோளக்காட்டில் ஒரு பாவப்பட்ட மாமனாருக்குத் தான் செய்த உதவியை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதில் ஒருவர் அவள் தம்பி. அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. நேராகக் கடைக்குள் போய், மாப்பிள்ளைக்கு எதிரே நின்று, அவர் முகத்தைப் பார்த்து, வாய் திறந்து பேசினாள். அண்ணாமலை கையிலிருந்த டீ கீழே கொட்டிவிட்டது.

"ஏனுங்க மாப்பிள்ளை, குறைய எழுதி ஒட்டுனா மட்டும் போதுங்களா? அது ஏன் வந்துச்சுன்னு கேக்க வேண்டாமுங்களா?"

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். "கரெக்ட்டுங்க அத்தை. அஞ்சு தடவ ஏன்னு கேக்கணும். நான்தான் விட்டுட்டேன்" என்று பேனாவை எடுத்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்துகொண்டு என்னைக் கேட்டார்கள். குறை ஏன் வந்தது? டிரைவர் சொன்னார். டிரைவர் ஏன் சொன்னார்? நான் கேட்டேன். நான் ஏன் கேட்டேன்? மாப்பிள்ளை முகம் வாடியிருந்தது. வாடினால் வாடட்டும், இந்தக் குறை தேடுகிற வேலை வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை? மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "அப்ப கட்டுன பொண்டாட்டிகிட்டயாச்சும் சாம்பார் நல்லா இருக்குதுன்னு ஏனுங்க சொல்லல?" என்று கண்ணாத்தாள் ஐந்தாவது ஏனைக் கேட்டாள். நான் என் மஞ்சள் சதுரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். மாப்பிள்ளை, "மூல காரணம்: ராசாமணி மாமா" என்று எழுதி அடிக்கோடு போட்டார். கண்ணாத்தாள் அதைப் படித்துப் பார்த்து, "இத்தன நாள்ல இன்னிக்குத்தானுங்க மாப்பிள்ளை உருப்படியா ஒண்ணு எழுதியிருக்கறீங்க" என்று மனசாரப் பாராட்டினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இட்லி பஸ்ஸுக்கு முன்பே அவிக்க வேண்டும் என்றாள், சரிங்க அத்தை என்றார். கோடெல்லாம் இருக்கட்டும், கூட்டத்துக்கு நல்லதுதான் என்றாள். ஓரி விழா முடியும் வரை மாப்பிள்ளை இங்கேயே இருந்து கடையைப் பார்த்துக்கொள்வதென்றும், மூல காரணத்தைக் கொஞ்ச நாளைக்கு வெளியே அனுப்பி வைப்பதென்றும் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். நடுவில் யாரும் தேவைப்படவில்லை.

ஆகவே தங்கள் மகனைக் கூப்பிட வேண்டாம். நான்தான் வருகிறேன், இந்தக் கடிதத்தை நானே தங்கள் கையில் கொடுப்பேன். பஸ் கிளம்பியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கண்ணாத்தா, சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு!" என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

இன்று கிளம்புவதற்குள் அவள் வைத்த சாம்பார் ஒரு தூக்கு நிறைய என் மடியில் இருக்கிறது. தாங்கள் சாப்பிட்டுப் பார்த்து, எப்படி இருக்கிறதென்று கைப்பட எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டுமாம், அதைக் கொண்டுவந்தால்தான் என்னை ஊட்டுக்குள் விடுவாளாம். நல்லா இருக்கிறது என்று எழுதினால் நான் சொல்லிக் கொடுத்து எழுதியது என்பாள். குறை என்று எழுதினால் நான் கேட்டு வாங்கியது என்பாள். என்ன எழுதுவதென்று நாம் இரண்டு பேரும் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும், சம்பந்தி. அதுவரைக்கும் எனக்கு ஒரு கட்டில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.